குர்சியாங்கில் தயிர் உறையவில்லை

1

போன வாரம் தென்காசியிலிருந்து என் தங்கை போன் செய்தாள். அரையாண்டுப் பரீட்சை லீவில் குடும்பத்தோடு இங்கே வருகிறார்களாம். நாலு நாள் கல்கத்தா, மூன்று நாள் ஏதாவது ஒரு மலை ஊர்.

"டார்ஜிலிங் வேண்டாங்கா. எல்லாரும் அங்கதான் போறாவ. நீ போன வருஷம் ஏதோ சின்ன ஊருக்குப் போனேல்லா, அங்க பாக்கதுக்கு என்னெல்லாம் இருக்கு? ஒரு லிஸ்ட் போட்டு அனுப்பு."

அந்தச் சின்ன ஊர் குர்சியாங். டார்ஜிலிங் போகும் வழியில் பாதி மலையில் இருக்கிறது. பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்த்தே தலை நரைத்தவளுக்கு இப்படி ஒரு பட்டியல் அரை மணி நேர வேலை. எப்படிப் போவது, எங்கே தங்குவது, என்ன சாப்பிடுவது, என்ன பார்ப்பது. பக்கத்தில் ஒரு படம். உட்கார்ந்தேன், 'என்ன பார்ப்பது' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். நாங்கள் அங்கே இருந்த நாளெல்லாம் மேகம் ஊருக்குள் இறங்கிக் கிடந்தது. பார்க்க வேண்டியது என்று சொல்லப்படும் எதையும் நாங்கள் பார்க்கவில்லை.

ஆனால், மனசு லேசாகித் திரும்பி வந்த பயணம் எது என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் அதைத்தான் சொல்வேன். தங்கைக்கு மற்றவர்களிடம் விசாரித்து ஒரு பட்டியல் அனுப்பிவிட்டேன். அதில் சேராதது இது.

2

என் கணவர் நடராஜனுக்குக் கிடர்பூர் துறைமுகத்தில் சரக்குக் கப்பல்களின் வேலை. அதற்காகத்தான் கல்யாணம் முடிந்த கையோடு இங்கே வந்தோம். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். கரியாஹாட் சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருக்கிறோம். ஒரே மகள் கயல். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. தனக்குக் கனவு வங்காளியில்தான் வருகிறது என்று ஒருநாள் தோசை சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். நான் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டேன். நடராஜன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

நியூ டவுனில் அவள் வேலை பார்க்கும் அலுவலகத்தில்தான் அனிர்பனும் இருக்கிறான். அவனைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாகச் சொன்னபோது நடராஜன் கத்தவில்லை. "நல்ல பையனாத்தான் தெரியுதான்" என்றார். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அந்தப் பேச்சே இல்லை. சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கயல் என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டாள். "அப்பா சரின்னு சொன்னாதான் மா நடக்கும். அப்பாவை விட்டுட்டு நான் போகமாட்டேன். ஆனா வேற யாரையும் பாக்கச் சொல்லாதீங்க." ஓடிப் போகிற பெண்ணாக இருந்தால்கூட ஒரு வழி தெரியும். இவள் காத்திருக்கிற பெண். அது இன்னும் கஷ்டம்.

நடராஜனுக்கு என்ன தடை என்பது ஒருநாள் மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது தானாக வெளியே வந்தது. "அவாள் வீட்டுல போயி நான் என்னத்தப் பேச? காலம்பூரா வாயப் பொத்திக்கிட்டு உக்காந்துருக்கணும்."

பையனின் அப்பா தீபங்கர் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். அந்த வீட்டுக் கூடத்தில் பேசுவது புத்தகத்து வங்காளி. நடராஜனின் வங்காளி கிடர்பூரில் கற்றது. பாதி இந்தி, கால்வாசி வசவு. லாரிக்காரரையும் கைவண்டிக்காரரையும் அசைக்க அது போதும். சம்பந்தி வீட்டுச் சோபாவில் அது செல்லாது என்று அவரே முடிவு செய்துகொண்டார். ஆகவே அவர்களைச் சந்திக்கும்போதெல்லாம் ஆங்கிலத்தில் இரண்டே சொல்: "வெரி நைஸ்."

இங்கே எங்கள் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நடராஜன் பிடித்தவர்களோடு சண்டை போடுவார். அலுவலக நண்பர் ஒருவரோடு வேலையில் இருந்த காலமெல்லாம் தினமும் சண்டை. அவர் மாற்றலாகிப் போன அன்று இவர் சாப்பிடவில்லை. பிடிக்காதவர்களிடம் மரியாதையாக இருப்பார். தன் சொந்த அண்ணனை "வாங்க, உக்காருங்க, காப்பி சாப்பிடுதியளா" என்று கேட்டு அனுப்பிவிடுவார். அவர் மரியாதை கூடக்கூட எனக்கும் கயலுக்கும் பயம் கூடும்.

இந்தப் பயணத் திட்டம் கயலும் அனிர்பனும் போட்டது. வங்காளத்தில் துர்கா பூஜை முடிந்ததும் பாதி ஊர் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் ஏறும். ஒருவரைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அவரோடு ஊர் சுற்றப் போக வேண்டும் என்பது இங்குள்ளவர்கள் நம்பிக்கை. பிள்ளைகள் தாங்கள் வராமல் பெற்றோர் நால்வருக்கு மட்டும் டிக்கெட் எடுத்தார்கள். ஆபீசில் லீவு இல்லையாம்.

"நாலு பேரும் சேந்து போயிட்டு வாங்க. வந்ததும் அப்பா ஒரு பதில் சொல்லணும்" என்றாள் கயல்.

"சொல்லுதேன்" என்றார் நடராஜன், மிக மரியாதையாக.

3

ரயிலில் தீபங்கரின் மனைவி சுப்ரா எவர்சில்வர் டப்பா நிறைய பூரியும் உருளைக்கிழங்கும் கொண்டு வந்திருந்தாள். நான் புளியோதரை. எங்கள் பையில் இன்னொன்றும் இருந்தது. இறுக மூடிய சிறிய சம்படத்தில் உறைமோர். நடராஜனுக்கு ராத்திரி தயிர்சாதம் இல்லாவிட்டால் தூக்கம் வராது. வங்காளத்துக் கடைத் தயிரில் சர்க்கரை இருக்கும். அதனால் எந்த ஊருக்குப் போனாலும் போன இடத்தில் பால் வாங்கி உறை ஊற்றிவிடுவது எங்கள் வழக்கம். பூரி கோயிலுக்குப் போன இடத்தில் செய்திருக்கிறேன், தீகா கடற்கரையில் செய்திருக்கிறேன்.

"இது என்ன பௌதி?" என்று சுப்ரா கேட்டாள். இங்கே அண்ணியை அழைக்கும் சொல்லால்தான் என்னைக் கூப்பிடுவாள். நடராஜனை 'தாதா', அதாவது அண்ணன்.

"தயிருக்கு விதை" என்றேன். அவள் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் சம்படத்தைக் கையில் வாங்கி, பாறைத் துண்டைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மறுநாள் காலை ரயிலிலிருந்து இறங்கி ஜீப்பில் மலை ஏறினோம். குர்சியாங்கில் தண்டவாளம் கடைத்தெருவுக்குள்ளேயே போகிறது. மலை ரயில் வரும்போது கடைக்காரர்கள் தொங்கவிட்ட சட்டைகளை ஒரு கையால் உள்ளே இழுத்துக்கொண்டு, மறு கையால் மீதிச் சில்லறை கொடுக்கிறார்கள்.

சபிதா என்ற நேபாளிப் பெண்மணி நடத்தும் ஹோம்ஸ்டேயில் தங்கினோம். பதிவேட்டில் எல்லோர் அடையாள அட்டையையும் பார்த்து எழுதிக்கொண்டே வந்த சபிதா என் அட்டையில் நின்றாள். நடராஜன் பெயருக்குப் பின்னால் அவர் அப்பா பெயர், என் பெயருக்குப் பின்னால் என் அப்பா பெயர். இரண்டையும் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டால் நாங்கள் கணவன் மனைவி இல்லை. இதை எத்தனையோ அலுவலகங்களில் விளக்கியிருக்கிறேன். இந்த முறை தீபங்கர் முந்திக்கொண்டு, வகுப்பெடுக்கும் குரலில், தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்று சபிதாவுக்கு விளக்கினார். சரியாகத்தான் சொன்னார். நடராஜன் "வெரி நைஸ்" என்றார்.

மத்தியானம் பால் வாங்கிக் காய்ச்சி, ஆறவைத்து, உறை ஊற்றி, ஜன்னல் திண்டில் மூடி வைத்தேன். கல்கத்தாப் புழுக்கத்தில் மதியம் ஊற்றினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கட்டித் தயிர். அந்தப் பழக்கத்தில் வேறெதையும் யோசிக்கவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்குத் திறந்தால், ஊற்றிய பால் ஊற்றியபடியே இருந்தது. ஜில்லென்று.

"உறையல போலுக்கே" என்றார் நடராஜன் என்னிடம், தாழ்ந்த குரலில்.

சுப்ராவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வரும் வழியில் சிலிகுரியில் வாங்கிய மண்சட்டியை ஓடிப்போய் எடுத்து வந்தாள். மிஷ்டி தோய், வெல்லப்பாகு நிறத்தில் இனிப்புத் தயிர். "தாதா, இதைச் சோற்றில் போட்டுக்கொள்ளுங்கள், தயிர்தானே" என்று இரண்டு கரண்டி வைத்தாள். நான் தடுப்பதற்குள் நடராஜன் பிசைந்தார். எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். கை கழுவி வந்து, "வெரி நைஸ்" என்றார்.

படுக்கப் போகும் முன் கயல் அழைத்தாள். "அப்பா எப்படி இருக்கார்?"

"மிஷ்டி தோயில சோறு பிசைஞ்சு சாப்பிட்டாரு. வெரி நைஸ்னு சொன்னாரு."

 "முடிஞ்சுது மா" என்றாள்.

4

அடுத்த நாள் காலை ஊர் சுற்ற ஒரு காரை ஏற்பாடு செய்திருந்தார் தீபங்கர். இங்கெல்லாம் ஓட்டுநர்கள் ஊரை 'பாயிண்ட்' கணக்கில் விற்கிறார்கள். எங்களுக்கு ஏழு பாயிண்ட். ஜன்னலுக்கு வெளியே கைக்கெட்டும் தூரத்து மரம்கூடத் தெரியவில்லை.

"ஒன்றும் தெரியாதே, போகத்தான் வேண்டுமா?" என்று கேட்டேன்.

"மேகம் இருந்தாலும் பாயிண்ட் பாயிண்ட்தான் மேடம்" என்றார் ஓட்டுநர்.

முதல் இடம், பள்ளத்தாக்கைப் பார்க்கக் கம்பி போட்ட ஒரு முனை. கம்பிக்கு அப்பால் வெள்ளை, வேறொன்றும் இல்லை. எங்களைப் போல இன்னும் சில குடும்பங்கள் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு அந்த வெள்ளையைப் பார்த்தபடி வரிசையாக நின்றன. ஒரு குடும்பம் வெள்ளைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டது.

தீபங்கர் நடராஜனைக் கம்பியருகே அழைத்துப் போனார். கையை நீட்டினார். "அதோ கீழே பாலாசன் ஆறு. அதற்கு அந்தப் பக்கம் சமவெளி. அங்கே சிலிகுரி, ராத்திரியில் விளக்குகள் கொட்டிக் கிடக்கும். இந்தப் பக்கம் திரும்பினால் காஞ்சன்ஜங்கா." ஆறும் ஊரும் மலையும் அவருக்குத் தெரிந்தன. நடராஜன் அவர் விரல் போன பக்கமெல்லாம் தலையைத் திருப்பி, மேகத்தைப் பார்த்து, "வெரி நைஸ், வெரி நைஸ்" என்றார்.

நான் வளர்ந்ததும் மலையடி ஊர்தான். ஆனி ஆடியில் வெளியூர்க்காரர்கள் குற்றாலத்துக்கு வந்து குவிவார்கள். எதற்கு? எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குக் கீழே தலையைக் கொடுக்க. மலையைப் பார்ப்பதற்கென்று யாரும் வந்து நான் கண்டதில்லை. தண்ணீர் விழவில்லை என்றால் அந்த வருடம் சீசன் இல்லை, அவ்வளவுதான். வங்காளிகள் மலைக்கு நனையப் போவதில்லை. நனைந்தால் சளி பிடிக்கும். அவர்கள் போவது காத்திருப்பதற்கு. மலை முகம் காட்டினால் ஆண்டுக்கணக்கில் அதைச் சொல்வார்கள். காட்டாவிட்டால் அதையும் ஆண்டுக்கணக்கில் சொல்வார்கள். அன்று கம்பி ஓரத்தில் நின்றவர்கள் ஒருவர்கூட ஏமாந்த முகத்தோடு திரும்பவில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன். என் பக்கத்தில் சுப்ரா பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றினாள்.

"தாதா ரொம்ப அமைதியான மனிதர்" என்றாள். "எங்கள் வீட்டில் எல்லோரும் வாயாடிகள். கயலுக்குக் கஷ்டமாக இருக்குமோ என்று எனக்குக் கவலை."

நான் டீயை வாங்கிக்கொண்டேன். கயலின் அப்பா அமைதியானவர் என்று என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் சொல்கிறார்.

மீதி ஆறு பாயிண்டிலும் இதே மேகம்தான். அன்று ராத்திரி நடராஜன் பருப்பும் சோறும் சாப்பிட்டார். சுப்ரா வருத்தத்தோடு கணவரைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார்.

5

மறுநாள் காலை பலகாரம் முடிந்ததும் தீபங்கர் குல்லாயை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். கடைத்தெருவுக்குக் கீழே பால்காரர் வீடு ஒன்று இருக்கிறதாம், அங்கே சர்க்கரை போடாத தயிர் கிடைக்கும் என்று சபிதா சொல்லியிருக்கிறாள். "நடராஜன்-தா, வாருங்கள், போய் வாங்கிவருவோம். ஒரு மணி நேரம்."

"அதெல்லாம் எதுக்கு, உங்களுக்குச் சிரமம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே நடராஜன் செருப்பை மாட்டினார். மறுப்பதும் மரியாதையில்லை அல்லவா. வாசலைத் தாண்டி நாலடி போனதும் இரண்டு பேரையும் மேகம் எடுத்துக்கொண்டது.

ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டாயிற்று. நடராஜனின் போன் கட்டிலில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. தீபங்கரின் போன், தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகத் திரும்பத் திரும்பச் சொன்னது. சாப்பாட்டு நேரமும் வந்தது. சபிதா இலைக்கோசுப் பொரியலை மூடி வைத்துவிட்டு வாசலில் வந்து நின்றாள்.

"குறுக்குப் படியில் இறங்கியிருப்பார்கள்" என்றாள் இந்தியில். "இறங்குவது சுலபம் அக்கா. ஏறும்போது எந்தப் படி என்று தெரியாது. இந்த மேகத்தில் எங்களுக்கே தெரியாது."

எனக்கு நடராஜனின் முழங்கால் ஞாபகம் வந்தது. வீட்டில் இரண்டாம் மாடி ஏறவே கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார்.   சுப்ரா என் கையைப் பிடித்துக்கொண்டாள். 

"இவர் வரைபடம் பார்க்கத் தெரிந்தவர், வழியில் யாரையும் கேட்கமாட்டார்" என்றாள்.

"இவரும் கேட்கமாட்டார்" என்றேன்.

எங்கேயோ கீழே ரயில் ஊதியது. சபிதா தன் தம்பியைத் தேட அனுப்புவதாகச் சொல்லி உள்ளே போனாள். அந்த நேரம் பார்த்துக் கயலின் அழைப்பு.

"மா, அப்பா இருக்காரா? நானே கேட்டுடறேன். இன்னைக்கே கேட்டுடறேன். எனக்கு இந்த வெயிட்டிங் முடியல."

"கடைக்குப் போயிருக்காரு" என்றேன்.

"யாரோட?"

"அனிர்பன் அப்பாவோட."

"தனியாவா? ரெண்டு பேரும் மட்டுமா? எவ்வளவு நேரமா?" அவள் குரல் மாறியது. "மா, நீ ஏன் இப்படிப் பேசற? கீ ஹயேச்சே, என்ன ஆச்சு?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

6

ஆள் தெரியவில்லை. மேகத்துக்குள்ளிருந்து குரல் மட்டும் மேலே ஏறி வந்தது. கிடர்பூர் கேட்டில் லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்லும் குரல்.

"ஆரே மொஷாய், நான் அப்பவே சொன்னேன், தண்டவாளத்தப் பிடிச்சு நடந்தா ஸ்டேஷன் வரும்னு!" இதெல்லாம் வங்காளியில், நடுநடுவே இந்தி, ஓரிடத்தில் அவர் ஊரான அம்பாசமுத்திரத்தின் சுத்தத் தமிழ். "தண்டவாளம் எங்கயாவது பொய் சொல்லுமாவே?"

"தண்டவாளம் பொய் சொல்லாது! அதற்கு இரண்டு முனை உண்டு! நீங்கள் பிடித்தது இறங்குகிற முனை!" இது தீபங்கர். மூச்சு வாங்கியது. "சர்ச்சுக்குப் பக்கத்தில் இடது பக்கம் திரும்பலாம் என்று நான் சொல்லவில்லையா?"

"எந்த சர்ச்சு? எங்க சர்ச்சு? நேத்துப் பூரா இல்லாத ஆத்தயும் மலையயும் காட்டினீரு, இன்னைக்கு சர்ச்சு! கண்ணுக்குத் தெரிஞ்ச ஒண்ணு சொல்லும் பாப்போம்!"

"இல்லாத ஆறா? பாலாசன் இல்லாத ஆறா? பூகோளம் தெரியாத ஆளோடு..."

"பூகோளம் வாத்தியாருக்கு வந்த வழி தெரியல! இதுல சீனி வேற! பால்காரன்ட்ட சீனி போடச் சொல்லுதாரு! தயிர்ல எவனாவது சீனி போடுவானா?"

"நாங்கள் போடுவோம்! கோடிப் பேர் போடுகிறோம்!"

சுப்ரா என் கையை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ பௌதி, சண்டை போடுகிறார்கள். இனி என்ன ஆகும்?" அவள் கண் கலங்கிவிட்டது. அவளுக்கு எங்கள் வீட்டு விஷயம் தெரியாதே.

இரண்டு உருவங்கள் மேகத்திலிருந்து பிரிந்தன. நடராஜன் தீபங்கரின் தோளில் ஒரு கையைப் போட்டு, முழங்காலை இழுத்து இழுத்து வந்தார். மறு கையால் ஒரு தூக்குச்சட்டியை மார்போடு அணைத்திருந்தார். அதற்கு தீபங்கரின் குரங்குக் குல்லாய் மாட்டியிருந்தது. தீபங்கரின் வழுக்கைத் தலை முழுவதும் பனித்துளி.

"குளிருல தயிரு தண்ணி விட்டுரும்னு இவருதான் குல்லாயக் கழத்திக் குடுத்தாரு" என்று என்னிடம் தமிழில் சொன்னார் நடராஜன். "மண்டைல ஒண்ணுமில்லன்னாலும் அந்த அளவுக்கு அறிவு இருக்கு."

"என்ன சொல்கிறார்?" என்றார் தீபங்கர்.

நான் மொழிபெயர்க்கவில்லை. நடராஜனே வங்காளியில் சொன்னார், முதல் பாதியை விட்டுவிடாமல். தீபங்கர் ஒரு நொடி அவரைப் பார்த்தார். பிறகு இருமல் வரும்வரை சிரித்தார். சுப்ரா ஒன்றும் விளங்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

போன் இன்னும் என் கையில்தான் இருந்தது. அதைக் காதில் வைத்தேன்.

"மா," என்றாள் கயல், மிக மெதுவாக, "அப்பாவா அது?"

"ஆமா."

"வங்காளியிலயா?"

"ஆமா."

"சண்டை போடறாரா?"

"காலைலேருந்தே போட்டிருப்பாரு போல. தொண்டை கட்டிக்கிடக்கு."

அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு. பிறகு, வங்காளியில் கனவு காண்கிறவளுக்கு இது தமிழில் வந்தது: "அப்பாடா."

7

கயலுக்கான பதிலை நடராஜன் முறைப்படி சொன்னாரா என்று தங்கை அப்போதே கேட்டாள். சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. மலையிலிருந்து இறங்கும்போது ஜீப்பின் முன்சீட்டில் இருவரும் கல்யாணச் சாப்பாட்டில் என்ன பரிமாறுவது என்பதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். கல்யாணம் பங்குனியில் நடந்தது. தயிர்ப்பச்சடியும் இருந்தது, மிஷ்டி தோயும் இருந்தது. எதை முதலில் பரிமாறுவது என்பதில் மட்டும் இன்றுவரை சமாதானம் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கை வருகிற விஷயத்தைச் சொன்னேன். தீபங்கர் வந்திருந்தார். ஞாயிறு காலை கரியாஹாட்டில் காய் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டில் ஏறி ஒரு சண்டை போட்டுவிட்டுப் போவது இப்போது வழக்கமாகிவிட்டது. தங்கை குடும்பத்துக்கு ஊரைச் சுற்றிக் காட்ட அவரே குர்சியாங் வருவாராம். ஏழு பாயிண்டும் அவருக்கு மனப்பாடம்.

நடராஜன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வரட்டும்" என்றார். "ஆனா வழி நாந்தான் சொல்லுவேன்."